அறுநூற்று முப்பத்தேழு சீட்டுகள்

தேர்தல் வேலைக்குப் போகிறவர்களுக்கு ஒரு கையேடு கொடுப்பார்கள். தலைக்கு வைத்துப் படுக்கலாம், அவ்வளவு கனம். முக்கால்வாசிப் பேர் அதை அப்படித்தான் பயன்படுத்துகிறார்கள், ஏனென்றால் முந்தின நாளே போய் வாக்குச்சாவடியில் படுக்க வேண்டியிருக்கிறது. தாட்சாயிணி டீச்சர் அந்த முக்கால்வாசியில் சேர்ந்தவள் அல்ல. அட்டை முதல் அட்டை வரை படித்தாள். பென்சிலால் கோடு போட்டாள். சந்தேகம் வந்த இடத்தில் ஓரத்தில் கேள்விக்குறி போட்டு, பயிற்சி வகுப்பில் எழுந்து நின்று கேட்டு, பின் வரிசையில் தூங்கிக்கொண்டிருந்தவர்களின் சாபத்தையும் வாங்கிக்கொண்டாள்.

அவளுக்கு நாற்பத்தாறு வயது. அம்பத்தூரில் அரசுப் பள்ளி ஆசிரியை. கணவர் சண்முகசுந்தரம் ஆவடி டாங்க் தொழிற்சாலையில் வேலை பார்த்ததால் குவார்ட்டர்ஸில் வீடு. நான்கு தேர்தல்களில் மை வைப்பதும் பெயர் தேடுவதுமாக இருந்துவிட்டு, இந்தச் சட்டமன்றத் தேர்தலில்தான் முதல்முறையாகத் தலைமை அலுவலர் ஆகியிருந்தாள். காட்டுப்பாக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் சாவடி. ஒரு நாள் முழுக்க அந்த அறைக்குள் சட்டம் என்றால் அவள்தான். அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமை இருந்தது, இல்லை என்று சொன்னால் பொய்.

கையேட்டை ஒழுங்காகப் படித்த இப்படிப்பட்டவளுக்குத்தான் அந்தத் தப்பு நேர்ந்தது. படிக்காதவனுக்கு நேர்ந்திருந்தால் இதில் சொல்ல ஒன்றுமில்லை.

வாக்குப்பதிவு காலை ஏழு மணிக்கு. அதற்கு முன்னால், ஐந்தரைக்கே, கட்சி ஏஜெண்டுகளை வைத்துக்கொண்டு மாதிரி வாக்குப்பதிவு நடத்த வேண்டும். ஐம்பது ஓட்டாவது போட்டுப் பார்த்து, மிஷின் போட்டதைப் போட்டபடி காட்டுகிறது என்று எல்லோர் முன்னிலையிலும் நிரூபித்து, பிறகு மூன்று பொத்தான்களை வரிசையாக அழுத்தி அந்த ஐம்பதையும் அழித்துவிட வேண்டும். கூடவே, பக்கத்துப் பெட்டியில் ஒவ்வொரு ஓட்டுக்கும் ஒரு காகிதச் சீட்டு விழுந்திருக்கும். அவற்றையும் வெளியே எடுத்து, பின்னால் முத்திரை குத்தி, கறுப்பு உறையில் போட்டு ஒட்டிவிட வேண்டும்.

இதையெல்லாம் தாட்சாயிணி அட்சரம் பிசகாமல் செய்தாள். குமணன்சாவடியில் எலக்ட்ரிக்கல் கடை வைத்திருக்கும் யூசுப் ஒரு கட்சியின் ஏஜெண்டாக ஐந்தேகாலுக்கே வந்து உட்கார்ந்துவிட்டான். அவன் கண் முன்னால் மிஷின் பூஜ்யத்தைக் காட்டியது. சான்றிதழில் கையெழுத்துப் போட்டான்.

ஆறரைக்கு எதிர்க்கட்சி ஏஜெண்டு ஏகாம்பரம் வந்தார். அந்த ஊர்ப் பழைய குடும்பம். நிலமெல்லாம் மனையாகிப் போனபின் தண்ணி லாரி விடுகிறவர். குளித்து, விபூதி பூசி, மடிப்புக் கலையாத வேட்டியோடு வந்தவர் வாசலிலேயே சண்டையைத் தொடங்கினார்.

"நான் இல்லாம எப்டி மேடம் டெஸ்ட் பண்ணீங்கோ? நாளைக்கு எங்க ஆளு கேட்டா நான் இன்னா சொல்றது? கண்ணால பாக்கலன்னு சொல்லட்டா?"

ஏஜெண்டு வரவில்லை என்றால் கால் மணி நேரம் பார்த்துவிட்டு நடத்தலாம் என்று விதி இருக்கிறது. எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்பதுகூட அவளுக்குத் தெரியும். அதைச் சொல்லி வாயை அடைத்திருக்கலாம். ஆனால் யாரும் ஒரு குறை சொல்லிவிடக் கூடாது என்று நினைக்கிற ஆள் அவள்.

"சரி, நீங்களும் பாத்துருங்க," என்று மறுபடி மிஷினைத் திறந்தாள்.

பதினொரு வேட்பாளர்கள், பிறகு 'இவர்களில் யாருமில்லை' என்ற பொத்தான், ஆகப் பன்னிரண்டு. ஒவ்வொன்றிலும் ஒன்று போட்டுக் காட்டினாள். பெட்டியைத் திறந்து பன்னிரண்டு சீட்டுகளையும் ஏகாம்பரத்தின் கையிலேயே கொடுத்தாள். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எண்ணினார். முகம் தெளிந்தது.

"இதான் வோணும். கரீட்டா கீது," என்றார்.

சரியாக அந்த நேரத்தில் வாசலில் சத்தம் கேட்டது. காவலரிடம் ஒரு பெண் மன்றாடிக்கொண்டிருந்தாள். "ஒரு மனுசன் நிக்க முடியாம கீறாரு சார், உள்ள ஒரு சேருல குந்தவச்சா இன்னா? எட்டு மணிக்கு ஆஸ்பத்திரில இருக்கணும். லேட்டாப் போனா மிஷினை வேற ஆளுக்குப் போட்டுடுவாங்கோ."

தாட்சாயிணி எட்டிப் பார்த்தாள். மெலிந்த, முகம் ஊதிப்போன ஒரு மனிதர் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். பெயர் பூபாலன், வயது ஐம்பத்தொன்பது. அம்பத்தூர் எஸ்டேட் கம்பெனி ஒன்றில் முப்பது வருஷம் வேன் ஓட்டியவர். சிறுநீரகம் போய், ஒரு நாள் விட்டு ஒரு நாள் டயாலிசிஸ். எண்பத்தைந்து வயது தாண்டியிருந்தால் வீட்டுக்கே வந்து ஓட்டு வாங்கிப் போயிருப்பார்கள். ஐம்பத்தொன்பதுக்கு அந்தச் சலுகை இல்லை, சிறுநீரகம் இருந்தாலும் இல்லாவிட்டாலும்.

"உள்ள உக்காருங்கய்யா. ஏழு மணிக்கு முதல் ஓட்டு உங்களதுதான். ஒரு நிமிஷம்கூடத் தள்ளாது," என்றாள் தாட்சாயிணி.

"தேங்க்ஸ் மேடம். நான் மொத ஆளா வந்துகினேன், சட்டப்படியே மொத ஆளு தான்," என்று சிரித்தார் பூபாலன். அவர் மனைவி பார்வதம் முந்தானையால் அவர் கழுத்து வியர்வையைத் துடைத்தாள்.

அதன் பிறகு தாட்சாயிணிக்குக் கால் தரையில் படவில்லை. பன்னிரண்டு சீட்டுக்கும் முத்திரை குத்தினாள். முந்தின ஐம்பதோடு சேர்த்துக் கறுப்பு உறையில் போட்டு அரக்கு வைத்தாள். சீட்டுப் பெட்டியை மூடி நூல் கட்டினாள். மிஷினுக்குப் பச்சைக் காகித முத்திரை ஒட்டி ஏஜெண்டுகளிடம் கையெழுத்து வாங்கினாள். "ஜீரோ பாத்தாச்சு இல்ல?" என்று கேட்டாள். யூசுப் தலையாட்டினான். அவன் பார்த்தது உண்மைதான், ஆனால் அது ஆறு மணிக்குப் பார்த்த பூஜ்யம். சரியாக ஏழு மணி அடிக்கும்போது வாக்குப்பதிவு தொடங்கியது. அவ்வளவையும் செய்தவள், அந்தப் பன்னிரண்டை மிஷினிலிருந்து அழிக்கும் மூன்று பொத்தான்களை மட்டும் அழுத்தவில்லை.

பூபாலன் இடது கையை நீட்டினார். முழங்கைக்குக் கீழே நரம்பு கயிறுபோல் புடைத்திருந்தது. "இந்தக் கையப் புடிச்சி இஸ்க்காத நைனா. இதுலதான் ஊசி ஏத்துவாங்கோ. வெரல்ல மட்டும் வச்சிக்கோ," என்றார். மை வைக்கும் அலுவலர் பூப்போலத் தொட்டு வைத்தார். பூபாலன் மறைவுக்குள் போனார். பீப் சத்தம் வந்தபின்னும் உடனே வெளியே வரவில்லை. சீட்டு கண்ணாடிக்குள் தெரிந்து, அறுந்து, பெட்டியில் விழும்வரை நின்று பார்த்துவிட்டுத்தான் வந்தார்.

"உழுந்துச்சு மேடம். இனிமே எங்க வோணா குத்தட்டும்," என்று சொல்லிவிட்டு, பார்வதத்தின் தோளைப் பிடித்துக்கொண்டு ஆட்டோவுக்குப் போனார்.

அன்று முழுக்கக் கூட்டம். ஒற்றை ஃபேன். அதை யார் பக்கம் திருப்புவது என்பதில் யூசுப்புக்கும் ஏகாம்பரத்துக்கும் மூன்று முறை வாய்ச்சண்டை. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை எத்தனை ஓட்டு என்று மேலிடத்துக்குச் சொல்ல வேண்டும். மிஷினில் மொத்தத்தை அழுத்திப் பார்த்து, ஓட்டுப் போட வந்தவர்கள் கையெழுத்திட்ட பதிவேட்டோடு ஒப்பிட்டுச் சொல்ல வேண்டும் என்பது விதி. பதிவேடு பக்கத்திலேயே இருந்தது, எண் அதில் தெளிவாகத் தெரிந்தது, வாசலில் ஜனம் நின்றது. தாட்சாயிணி பதிவேட்டைப் பார்த்தே சொல்லிவிட்டாள். ஒரு தப்பு செய்தவளுக்கு அதைக் கண்டுபிடிக்க விதிகள் அன்றைக்கு ஐந்து வாய்ப்புகள் கொடுத்தன. ஐந்தையும் அவள் தவறவிட்டாள்.

மாலை ஆறு மணி. கதவை மூடினார்கள். பதிவேட்டில் கடைசி எண் 637. மிஷினில் மொத்தத்தை அழுத்தினாள். 649.

அவளுக்கு யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. பன்னிரண்டு என்றதுமே காலையில் ஏகாம்பரத்தின் கையிலிருந்த சீட்டுகள் கண்ணுக்கு முன்னால் வந்தன. நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள்.

"நான் அழிக்கல," என்றாள். "நான்தான் அழிக்கல."

அறையில் இருந்த எல்லோருக்கும் ஒரே நேரத்தில் விஷயம் புரிந்தது. ஏகாம்பரத்தின் முகம் செத்துப்போயிற்று. "என்னாலதான் மேடம் வந்துது. நான் வாயக் குடுக்காம இருந்திருந்தா..." என்று தொடங்கியவர், கொஞ்ச நேரம் கழித்துக் குரலைத் தாழ்த்திக்கொண்டு ஒரு வழி சொன்னார்.

"தோ பாருங்க மேடம். இந்த லிஸ்ட்ல வராதவங்களே முந்நூறு பேருக்கு மேல கீறாங்கோ. அதுல ஒரு பன்னெண்டு பேர எடுத்து, பதிவேட்டுல ஏத்தி, கையெழுத்தக் கிறுக்கிட்டா தீந்துது. இதுவும் அறுநூத்து நாப்பத்தொம்போது, அதுவும் அறுநூத்து நாப்பத்தொம்போது. ஆளுக்கு ஒரே ஒரு ஓட்டுதான கூட கீது? எங்களுக்கும் ஒண்ணு, அவங்களுக்கும் ஒண்ணு. யாருக்கும் லாபமில்ல."

"அண்ணாத்தே சொல்றது சரிதான் மேடம்," என்றான் யூசுப். "நான் வாயத் தொறக்க மாட்டேன். எங்க வாப்பா மேல ஆணையா."

நாள் முழுக்க ஒரு ஃபேனுக்கு அடித்துக்கொண்டவர்கள் இதில் ஒன்று சேர்ந்துவிட்டார்கள். அவளைக் காப்பாற்றத்தான் சேர்ந்தார்கள். அதுதான் அவளுக்கு அழுகையை வரவழைத்தது.

மண்டல அலுவலர் பார்த்தசாரதியைப் போனில் கூப்பிட்டாள். முப்பது மணி நேரமாகத் தூங்காத மனிதர். முழுதும் கேட்டார். பிறகு, "நீங்க இன்னும் என்கிட்ட எதையும் சொல்லல மேடம். பத்து நிமிஷம் கழிச்சுக் கூப்பிடறேன். அப்போ கணக்கு ஒத்துப்போச்சா இல்லையான்னு மட்டும் சொல்லுங்க," என்று வைத்துவிட்டார்.

அந்தப் பத்து நிமிஷத்தை அவள் சாகும்வரை மறக்கப்போவதில்லை. உண்மையை எழுதினால் என்ன ஆகும் என்பது கையேட்டில் அவள் கோடு போட்ட பக்கத்தில் இருந்தது. இப்படிப்பட்ட மிஷினை எண்ணும் நாளில் ஒதுக்கி வைத்துவிடுவார்கள். எல்லாச் சுற்றும் முடிந்து, முதல் ஆளுக்கும் இரண்டாம் ஆளுக்கும் உள்ள வித்தியாசம் இந்தச் சாவடியின் ஓட்டுகளைவிடக் குறைவாக இருந்தால் மட்டும், பெட்டியில் விழுந்த காகிதச் சீட்டுகளை எண்ணுவார்கள். வித்தியாசம் அதிகமென்றால் பெட்டியைத் தொடமாட்டார்கள். அறுநூற்று முப்பத்தேழு பேர் வெயிலில் நின்றது நின்றதுதான்.

பொய் எழுதினால் அத்தனை பேரின் ஓட்டும் அப்படியே எண்ணப்படும். பூபாலனுடையதும் எண்ணப்படும். அவள் வேலைக்கும் ஒன்றும் ஆகாது. பொய்யின் பக்கம் எல்லோருக்கும் நன்மை, உண்மையின் பக்கம் எல்லோருக்கும் நஷ்டம். இப்படி ஒரு கணக்கை எந்தப் பயிற்சி வகுப்பிலும் அவளுக்குச் சொல்லித் தரவில்லை.

அவள் பட்டியலை எடுத்து வராதவர்களின் பெயர்களைப் பார்த்தாள். பார்த்தாள் என்பதை மறைக்க வேண்டியதில்லை. வரதன், தேவா, யாரோ ஒரு ஷோபனா. இவர்கள் இப்போது வீட்டில் டிவி பார்த்துக்கொண்டிருப்பார்கள். சோம்பலோ கோபமோ, காய்ச்சலோ வேலையோ, வரவில்லை. வராமல் இருந்ததும் அவர்களுடையதுதானே? அதை எடுத்து, அவர்கள் கையெழுத்தை நான் போட்டு, வந்தார்கள் என்று சொல்ல நான் யார்? பன்னிரண்டு பெயருக்கு அவள் கை துணிந்தால், பன்னிரண்டாயிரத்துக்கு இன்னொருவன் கை துணிவதை எந்த வாயால் கேட்பாள்? பேனாவைத் திறந்து தலைமை அலுவலர் நாட்குறிப்பை இழுத்துக்கொண்டாள்.

'இரண்டாம் முறை நடத்திய மாதிரி வாக்குப்பதிவின் 12 வாக்குகளைக் கட்டுப்பாட்டுக் கருவியிலிருந்து நீக்க நான் தவறிவிட்டேன். அவற்றின் 12 காகிதச் சீட்டுகளும் கறுப்பு உறையில் உள்ளன. பெட்டியில் இருப்பவை உண்மையான 637 வாக்காளர்களின் சீட்டுகள் மட்டுமே. தவறு முழுவதும் என்னுடையது.'

கடைசி வரியை யாரும் எழுதச் சொல்லவில்லை. பார்த்தசாரதி போன் செய்தபோது, "ஒத்துப்போகல சார். எழுதிட்டேன்," என்றாள். அவர் ஒரு பெருமூச்சு விட்டு, "சரிம்மா," என்றார். அதுவரை மேடம் என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தவர்.

மூன்றாம் நாள் விளக்கம் கேட்டு நோட்டீஸ் வந்தது. தேர்தல் பணியில் கடமை தவறியதற்குத் தேர்தல் சட்டத்தின் 134-ஆம் பிரிவில் நடவடிக்கை எடுக்கலாம் என்று ஒரு வரி. அடுத்த வாரம் தற்காலிகப் பணிநீக்கம். சண்முகசுந்தரம் கடிதத்தை இரண்டு முறை படித்துவிட்டு, "நீ எழுதுனது சரி. ஆனா அந்தக் கடைசி வரி தேவையில்லாதது," என்றார். பள்ளிக்கூடத்திலிருந்து பீரோ சாவி எங்கே என்று கேட்டுக்கூட ஒருவரும் போன் செய்யவில்லை.

அவளை அரித்தது வேலை அல்ல, பூபாலன். 'ஒரு நிமிஷம்கூடத் தள்ளாது' என்று அவருக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றப்போய்த்தான் அவர் ஓட்டையே அடகு வைத்துவிட்டாள். அவரிடம் நேரில் சொல்லியாக வேண்டும் என்று தோன்றியது. பட்டியலில் இருந்த கதவு எண் நினைவில் இருந்தது. வாக்குப்பதிவு முடிந்த பதினேழாம் நாள் ஆவடியிலிருந்து பஸ் ஏறிப் பூந்தமல்லியில் மாறிக் காட்டுப்பாக்கத்தில் இறங்கினாள்.

வீட்டு வாசலில் ஆண் செருப்பு இல்லை. உள்ளே சுவரில் பூபாலன் புகைப்படமாக இருந்தார். மாலை காய்ந்திருந்தது.

பார்வதம் தரையில் உட்கார்ந்திருந்தாள். எதிரே அங்கன்வாடி ஊழியர் கோமளா. அந்தப் பகுதியின் வாக்காளர் பட்டியலைச் சரிபார்க்கும் வேலையும் அவளுக்குத்தான். கையில் படிவம் ஏழு. இறந்தவர் பெயரைப் பட்டியலிலிருந்து எடுப்பதற்கான படிவம்.

"ஓட்டு போட்ட ஒம்போதாம் நாளு போயிட்டாரு," என்றாள் பார்வதம், வந்தவளை அடையாளம் கண்டுகொண்டு. "குந்து டீச்சர்."

தாட்சாயிணி உட்கார்ந்தாள். கோமளா அவள் பக்கம் திரும்பி முறையிட்டாள்.

"நீங்களாவது சொல்லுங்க டீச்சர். எத்தினி தபா சொல்லிட்டேன், கேக்க மாட்டேங்குது. பேர எடுத்துட்டா அவரு போட்ட ஓட்டயும் சேத்து எடுத்துடுவாங்கோன்னு சொல்லுது. எண்ணி முடிக்கிற வரைக்கும் கையெழுத்துப் போட மாட்டேன்னு ஒரே பிடிவாதம்."

"ஆமா, போட மாட்டேன்," என்றாள் பார்வதம். "செத்தவனுக்கு ஏது ஓட்டுன்னு தூக்கிப் போட்டா நான் யாரப் போய்க் கேக்குறது?"

"அப்படித் தூக்க முடியாதுக்கா," என்றாள் தாட்சாயிணி. "உயிரோட வந்து போட்டது போட்டதுதான். அதுக்கு அப்புறம் என்ன ஆனாலும் அந்த ஓட்டு செல்லும்."

பார்வதத்தின் முகத்தில் ஒரு நிம்மதி வந்தது. "பாத்தியா, இப்டி வெவரமா சொல்லணும்," என்று கோமளாவைக் கடிந்துகொண்டு படிவத்துக்குக் கையை நீட்டினாள்.

அத்தோடு தாட்சாயிணி எழுந்து வந்திருக்கலாம். சொன்னது பொய்யுமில்லை. அந்த அம்மாள் கையெழுத்துப் போட்டுவிட்டு, தன் புருஷன் ஓட்டு எண்ணப்படும் என்ற நினைப்போடு மீதிக் காலத்தைக் கழித்திருப்பாள்.

"ஆனா உங்க வீட்டுக்காரர் ஓட்டை எண்ணாமலே போகலாம்க்கா. என்னாலதான்," என்றாள்.

எல்லாவற்றையும் சொன்னாள். பன்னிரண்டைச் சொன்னாள். வராதவர்கள் பெயரில் கையெழுத்துப் போட்டு மறைக்க ஒரு வழி இருந்ததையும், அதைச் செய்யாததையும் சொன்னாள். பார்வதம் நீட்டிய கையை இழுத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள். ஃபேன் கடகடவென்று சுற்றியது. கோமளா படிவத்தை மடித்துப் பையில் வைத்தாள்.

"யாருக்குப் போட்டேன்னு எங்கிட்டயும் சொல்லல அந்த ஆளு," என்றாள் பார்வதம் கடைசியில். "ஆட்டோவுல கேட்டேன். சொல்லக் கூடாதுடி, ரகசியம்னு சிரிச்சாரு. குளிப்பாட்டறப்போ வெரல்ல மை அப்டியே இருந்துச்சு. தேச்சிப் பாத்தேன். போவல. சரி, கூடவே போவட்டும்னு உட்டுட்டேன்."

தாட்சாயிணி அழுதாள். பார்வதம் அழவில்லை.

"நீ போ டீச்சர்," என்றாள். "எண்ணுனா வந்து சொல்லு. எண்ணலன்னாலும் வந்து சொல்லு. டிவிக்காரன் எங்க வூட்டு ஓட்டப் பத்தியெல்லாம் சொல்ல மாட்டான்."

எண்ணும் நாள் காலையில் தாட்சாயிணி டிவி முன்னால் உட்கார்ந்தாள். யார் ஜெயிக்கிறார்கள் என்ற கவலை நாட்டுக்கு இருந்தது. அவளுக்கு ஒரே ஒரு எண் வேண்டும், அது 637-க்குள் வேண்டும். நான்காம் சுற்றில் வித்தியாசம் ஏழாயிரம். எழுந்து போய் அரிசி களைந்தாள். எட்டாம் சுற்றில் ஐயாயிரத்துச் சொச்சம். போய்விட்டது என்று நினைத்தாள். மதியத்துக்கு மேல் மறுபக்கம் ஏறத் தொடங்கியது. மூவாயிரம். ஆயிரத்து எழுநூறு. தொள்ளாயிரம். சண்முகசுந்தரம் சாப்பிடாமல் பக்கத்தில் வந்து உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டார். கடைசிச் சுற்று முடிந்தபோது வித்தியாசம் 503 என்று டிவிக்காரன் காட்டினான். பிறகு, ஒரு சாவடி நிலுவையில் இருப்பதாக ஒரு வரி ஓடியது.

அதன்பின் ஒன்றும் தெரியவில்லை. ஐந்தரை மணிக்கு யூசுப் போன் செய்தான். எண்ணும் இடத்திலும் அவன் ஏஜெண்டாக இருந்தான். பின்னால் ஒரே இரைச்சல்.

"மேடம், எண்ணிட்டாங்கோ! பெருங்கலாட்டா ஆயிருக்கும் மேடம். அந்தப் பன்னெண்டும் பொட்டிக்குள்ளயே கீதுன்னு ஒருத்தன் கத்துனான். உடனே உங்க நாட்குறிப்பப் படிச்சிக் காட்டுனாங்கோ. கறுப்புக் கவரைப் பிரிச்சாங்கோ. ஐம்பதும் பன்னெண்டும் அறுபத்திரண்டு, அத்தினிலயும் உங்க முத்திரை, கவரு மேல உங்க கையெழுத்து. அங்கயும் ஏஜெண்டா குந்தினிருந்த ஏகாம்பரம் அண்ணாத்தே எழுந்து, 'நான்தான் எண்ணி வாங்குனேன், எங்கையாலதான் திருப்பிக் குடுத்தேன்'னு அவங்க ஆளுக்கு எதிரயே சொல்லிட்டாரு. அதுக்கப்புறம் ஒருத்தனும் வாயத் தொறக்கல."

"பெட்டியில எத்தனை இருந்தது யூசுப்?"

"அறுநூத்து முப்பத்தேழு. ரெண்டு தபா எண்ணுனாங்கோ. ஒண்ணு கூடல, ஒண்ணு குறையல."

யார் ஜெயித்தது என்று அவள் கேட்கவில்லை. அவனே சொன்னான். முன்னால் இருந்தவரே ஜெயித்தார், வித்தியாசம் 503-லிருந்து 466 ஆயிற்று, அவ்வளவுதான். முடிவில் ஒரு மாற்றமும் இல்லை. பணிநீக்கத்திலும் ஒரு மாற்றமும் இல்லை. விசாரணை வழக்கம்போல நடக்கும்.

அவள் புடவை மாற்றக்கூட இல்லை. சண்முகசுந்தரம் வண்டியை எடுத்தார். குமணன்சாவடி சந்திப்பில் ஒரு கட்சி வெடி வெடித்துக்கொண்டிருந்தது. வண்டிகள் நகரவில்லை. புகைக்குள் இறங்கி மீதி தூரத்தை நடந்தே போனாள்.

பார்வதம் வாசற்படியில் நின்றிருந்தாள். தாட்சாயிணிக்கு மூச்சு வாங்கியது.

"எண்ணிட்டாங்கக்கா."

"எத்தினி?"

"அறுநூத்து முப்பத்தேழு."

பார்வதம் அந்த எண்ணை ஒருமுறை வாய்க்குள் சொல்லிப் பார்த்தாள். "வராத ஆளு யாரும் அதுல இல்லியே?"

"இல்லக்கா. வந்தவங்க மட்டும்தான்."

"அப்போ அவரு கீறாரு," என்றாள் பார்வதம்.

உள்ளே போய் விளக்கைப் போட்டாள். புகைப்படத்துக்குக் கீழே, விபூதித் தட்டின் அடியில், படிவம் ஏழு மடித்து வைத்திருந்தது. கோமளா அதைக் கொடுத்துவிட்டுப் போயிருக்க வேண்டும். பார்வதம் பேனா கேட்டாள். தாட்சாயிணி தன் பேனாவைக் கொடுத்துவிட்டு, அன்று நாட்குறிப்பு எழுதிய பேனா அது என்பதைப் பிறகுதான் கவனித்தாள். காரணம் என்ற இடத்தில் 'இறப்பு' என்று ஏற்கெனவே எழுதியிருந்தது. பார்வதம் குனிந்து, தன் பெயரை ஒவ்வொரு எழுத்தாக எழுதினாள். எழுதி முடித்ததும் காகிதத்தைத் தூக்கிப் பார்த்தாள். அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. இத்தனை நாளும் வராதது சேர்த்து வந்தது. தாட்சாயிணி அவள் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

பிறகு பார்வதம் முகத்தைத் துடைத்துக்கொண்டு படிவத்தை நீட்டினாள்.

"இந்தா, கோமளாகிட்ட குடுத்துரு. இப்ப எடுத்துக்கச் சொல்லு," என்றாள்.